அரசன் கையில் வந்த திருச்சபை: டென்மார்க் அன்றும் இன்றும்

ஈஸ்டர் முடிந்து நான்காவது வெள்ளிக்கிழமை டென்மார்க்கில் 'பெரிய பிரார்த்தனை நாள்' என்று ஒரு விடுமுறை இருந்தது. ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடந்த உபவாச நாட்களை ஒன்றாகத் திரட்டி, ஹான்ஸ் பாக்கர் என்ற பிஷப்பின் யோசனைப்படி 1686-ல் மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியன் ஆணையிட்டு ஏற்படுத்தியது. அன்று வியாபாரம் கூடாது, வேலை கூடாது. ரொட்டிக் கடைக்காரர்கள் அதனால் முந்தைய மாலையே கோதுமை பன் சுட்டு வைப்பார்கள். வாங்கியவர்கள் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்று இரவே சூடாகத் தின்றுவிடுவார்கள். வியாழன் மாலை கோயில் மணி அடித்ததும் கோபன்ஹேகன்வாசிகள் நல்ல உடை உடுத்திக் கோட்டைமதிலோரம் உலாவப் போவதும் வழக்கமாயிற்று. பிரார்த்தனையை மறந்தவர்கள்கூட பன்னை மறக்கவில்லை.

2023 பிப்ரவரி 28 அன்று டென்மார்க் நாடாளுமன்றம் அந்த விடுமுறையை நீக்கிச் சட்டம் போட்டது. உக்ரைன் போருக்குப் பிறகு பாதுகாப்புச் செலவைக் கூட்ட வேண்டியிருந்தது. ஆண்டில் ஒரு வேலைநாள் கூடினால் அரசுக்கு வருவாய் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். தொழிற்சங்கங்கள் பல்லாயிரம் பேரைத் திரட்டி நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தின. பிஷப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்: திருச்சபையின் திருநாளைத் திருச்சபையைக் கேட்காமல் எடுக்கலாமா என்றார்கள். அவர்களைக் கேட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2024 முதல் அந்த வெள்ளி மற்ற வெள்ளிகளைப் போல ஒரு வேலைநாள்.

இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. ராணுவச் செலவுக்காகத் திருச்சபையின் சொத்தில் அரசு கைவைப்பதில்தான் அந்த நாட்டின் லுத்தரன் திருச்சபையே தொடங்குகிறது. ஐரோப்பாவில் மதச் சீர்திருத்தமும் நவீன அரசும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொண்டன என்று கேட்பவர்களுக்கு நான் ஜெர்மனியையோ இங்கிலாந்தையோ காட்டுவதில்லை. டென்மார்க்கைத்தான் காட்டுவேன். மற்ற இடங்களில் அந்தப் பின்னல் ஒருவாறு அவிழ்ந்துவிட்டது. இங்கே இன்னும் அவிழவில்லை.

1533-ல் மன்னர் முதலாம் ஃபிரெடெரிக் இறந்தார். மூத்த மகன் கிறிஸ்டியன் வெளிப்படையான லுத்தரன். பதினெட்டு வயதுக்குள்ளாகவே 1521-ல் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் முன்னிலையில் லுத்தர் பின்வாங்க மறுத்து நின்றதை நேரில் பார்த்தவர். தன் பொறுப்பில் இருந்த ஹாடர்ஸ்லெவ் பகுதியில் 1520-களிலேயே சீர்திருத்தத்தை நடத்திக் காட்டியவர். அப்படிப்பட்டவரை அரியணையில் ஏற்றக் கத்தோலிக்க பிஷப்புகள் எப்படிச் சம்மதிப்பார்கள்? மன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக் குழுவில் அவர்களுக்கு இடம் இருந்தது, தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். அரியணை காலியாய்க் கிடக்க, நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. 'கவுன்ட்டின் சண்டை' என்று டேனியர் அதை அழைக்கிறார்கள். லூபெக் நகரத்து வணிகர்களின் பணத்தோடு ஓல்டன்பர்க் கவுன்ட் கிறிஸ்டோஃபர் ஒருபுறம் வந்திறங்கினார். கோபன்ஹேகனும் மால்மோவும் அவர் பக்கம் சாய்ந்தன. ஜட்லாந்தில் கப்பலோட்டி கிளெமெண்ட் என்பவர் விவசாயிகளைத் திரட்டி 1534 அக்டோபரில் பிரபுக்களின் படையையே தோற்கடித்தார். இரண்டே மாதத்தில் கிறிஸ்டியனின் தளபதி யோஹான் ரன்ட்ஸாவ் ஆல்போர்க் நகரை உடைத்து உள்ளே போய் அந்த எழுச்சியை இரத்தத்தில் அடக்கினார். சொந்த நிலம் வைத்திருந்த ஜட்லாந்து விவசாயிகள் பலர் அதை இழந்து அரசனின் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். சீர்திருத்தத்தின் கதையில் இவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை என்பது என் வருத்தம்.

1536 ஜூலை இறுதியில், நீண்ட முற்றுகையால் பட்டினி கிடந்த கோபன்ஹேகன் பணிந்தது. ஆகஸ்ட் 6 அன்று மூன்றாம் கிறிஸ்டியன் நகருக்குள் நுழைந்தார். வென்ற மன்னரின் கையில் காசில்லை. கூலிப்படையினர் சம்பளத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். சம்பளம் தராத கூலிப்படை என்ன செய்யும் என்பது அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆறே நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 12 அதிகாலையில், நகரில் இருந்த பிஷப்புகளை மன்னரின் ஆட்கள் கைது செய்தார்கள். ரோஸ்கில்ட பிஷப் யோவாகிம் ரோனோவ் தன் மாளிகையின் கூரை உத்திரத்தில் ஒளிந்திருந்து பிடிபட்டார் என்று சொல்வார்கள். அதே காலையில் ஆட்சிக் குழுவின் பிரபுக்கள் கோட்டைக்கு வரவழைக்கப்பட்டு, இனி எந்த பிஷப்புக்கும் ஆட்சியில் பங்கில்லை என்று கையெழுத்திட்டார்கள். மற்ற பிஷப்புகள் பிற்பாடு வாக்குக் கொடுத்து விடுதலையாகி வசதியாகவே வாழ்ந்தார்கள். ரோனோவ் மட்டும் பணியவில்லை. 1544-ல் சிறையிலேயே செத்தார். கோபன்ஹேகனில் அவர் குடியிருந்த மாளிகை பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

அக்டோபர் 30 அன்று பிரபுக்கள், நகரத்தார், விவசாயிகள் எல்லாரையும் கூட்டி மன்னர் தம் தீர்மானத்தை அறிவித்தார். போருக்கு பிஷப்புகளே காரணம். அவர்களது நிலமும் கோட்டைகளும் மன்னருக்குச் சேரும். நாட்டின் விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவரை திருச்சபையிடம் இருந்தது. மடங்களின் நிலங்களும் படிப்படியாகச் சேர்ந்தபின், முன்பு ஆறில் ஒரு பங்கு அளவே வைத்திருந்த அரசுக்கு நாட்டில் சுமார் பாதி நிலம் சொந்தமாயிற்று. தசமபாகம் ஒழியவில்லை. மூன்றாகப் பிரிந்திருந்த அதில் போதகருக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு என்பது அப்படியே தொடர்ந்தது. பிஷப்புக்குப் போன மூன்றாவது பங்கு மன்னருக்குத் திரும்பியது. வயலில் நின்ற குடியானவன் எப்போதும்போல் அதே கதிர்க்கட்டைத்தான் கொடுத்தான்.

இதை வெறும் கொள்ளை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் கிறிஸ்டியன் உள்ளபடியே நம்பிக்கை உள்ள மனிதர். மறுவருடமே விட்டன்பர்க்கிலிருந்து லுத்தரின் நெருங்கிய தோழர் யோஹன்னஸ் பூகன்ஹாகனை வரவழைத்தார். பிஷப்புகளைக் கைது செய்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1537 ஆகஸ்ட் 12 அன்று, பூகன்ஹாகன் அவருக்கு முடிசூட்டினார். செப்டம்பர் 2 அன்று ஏழு புதிய கண்காணிப்பாளர்களுக்குப் பட்டம் கொடுத்தார். 'பிஷப்' என்ற பேரைத் தவிர்க்கத்தான் அந்தப் பதவிப் பெயர். மக்கள் சீக்கிரமே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். அதே நாளில் மன்னர் திருச்சபை ஒழுங்குச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆராதனை எப்படி நடக்க வேண்டும், பள்ளியில் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும், ஏழைகளுக்கான பணம் எந்தப் பெட்டியில் சேர வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். போரில் மூடிக்கிடந்த பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. 1550-ல் டேனிய மொழியில் முழு வேதாகமம் 3,000 பிரதிகள் அச்சாயிற்று. ஸோரோ நகரின் செல்வ மடம் 1586-ல் பள்ளிக்கூடமாயிற்று. வாங்கியதில் ஒரு பகுதியை அரசு திருப்பிக் கொடுத்தது. எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இழந்தவர்களின் குரலும் பதிவாகியிருக்கிறது. நகரம் நகரமாகத் துரத்தப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகள் தாங்கள் வெளியேற்றப்பட்ட கதையை லத்தீனில் எழுதி வைத்தார்கள். பிச்சை எடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். மன்னருக்குக் கொடுக்க அவர்களிடம் நிலம் கிடையாது, இருந்தும் போகச் சொன்னார்கள். டேனிய மன்னரின் ஆட்சியில் இருந்த நார்வேயில் பேராயர் ஓலாவ் எங்கெல்பிரெக்ட்ஸன் 1537-ல் கப்பலேறித் தப்பினார். அவரோடு நார்வேயின் ஆட்சிக் குழுவும் மறைந்தது. ஐஸ்லாந்தில் கடைசிக் கத்தோலிக்க பிஷப் யோன் ஆராசன் பணிய மறுத்தார். 1550 நவம்பர் 7 அன்று ஸ்கால்ஹோல்ட்டில் அவரையும் அவருடைய மகன்கள் இருவரையும் தலை வெட்டினார்கள். மனசாட்சியின் விடுதலை என்று தொடங்கிய இயக்கம் சில பத்தாண்டுகளிலேயே எங்கே வந்து நின்றது என்று யோசிக்காமல் இந்த இடத்தைத் தாண்ட என்னால் முடிவதில்லை.

டென்மார்க் தனியாகச் செய்த காரியமும் அல்ல. ஸ்வீடனில் கஸ்தாவ் வாசா 1527-லேயே திருச்சபைச் சொத்துக்களை எடுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534-ல் தம்மையே திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். ஆள்பவனின் மதமே ஆளப்படும் நாட்டின் மதம் என்று 1555-ல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை ஜெர்மன் நாடுகளுக்கு விதி வகுத்தது. கத்தோலிக்க மன்னர்களும் சளைத்தவர்களல்லர். ஆனால் நிலமும் தசமபாகமும் ஒருமுறை கைமாறும் சங்கதி. அரசை அதைவிட ஆழமாக மாற்றிய இன்னொன்று உண்டு. அதைப் பார்க்க டென்மார்க்கின் கிராமத்துக் கோயில்களுக்குப் போக வேண்டும்.

ஷெலண்ட் தீவின் முதல் லுத்தரன் பிஷப் பீடர் பல்லாடியுஸ் 1538 முதல் சுமார் ஐந்து ஆண்டுகளில் தன் மேற்பார்வையில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பங்குகளையும் சுற்றி வந்தார். போன இடமெல்லாம் பேசியதை ஒரு நூலாக்கினார். கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, பிரசவம் பார்க்கும் பெண்களின் பொறுப்பு, பள்ளிக்குப் போகும் ஏழைப் பையனுக்குச் சோறு, தாமதமாக வருகிறவர்கள், ஆராதனையில் தூங்குகிறவர்கள் என்று வாழ்க்கையின் எந்த மூலையையும் அவர் விடவில்லை. அவர் பேச்சில் அன்பு உண்டு. சூனியக்காரிகளை ஒளித்து வைக்காதீர்கள், காட்டிக் கொடுங்கள் என்ற கட்டளையும் அதே வாயிலிருந்து வந்தது. அவர் காலத்துக்குப் பின் அந்தக் கட்டளை வளர்ந்தது. லுத்தர் தொடங்கியதன் நூற்றாண்டு விழாவையொட்டி 1617 அக்டோபரில் நான்காம் கிறிஸ்டியன் சூனியத்துக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த எட்டு ஆண்டுகளில்தான் வழக்குகள் பெருகின. டென்மார்க்கில் மொத்தம் ஆயிரம் பேர் அளவில் கொல்லப்பட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலோர் பெண்கள். 1693-ல் ஆன்னே பாலெஸ் என்ற பெண்ணைத் தலை வெட்டி எரித்ததோடு சட்டபூர்வமான எரிப்பு நின்றது.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் சோதனை இருந்தது. 1569-ல் இரண்டாம் ஃபிரெடெரிக் 25 விசுவாசக் கூறுகளை வகுத்தார். குடியேற விரும்பும் அந்நியர் அவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மறுத்தால் வெளியேற வேண்டும். 1624 முதல் கத்தோலிக்கக் குருவும் இயேசு சபைத் துறவியும் நாட்டுக்குள் காலெடுத்து வைத்தால் மரண தண்டனை. 1660-ல் மன்னருக்கு முழு அதிகாரம் வந்தது. 1665-ல் எழுதிய அரச சட்டம் அவரை எந்த மனிதச் சட்டத்துக்கும் மேலே வைத்தது. அவரைக் கட்டுப்படுத்திய மிகச் சில விஷயங்களில் முதலாவது, ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை அவர் கைவிடக்கூடாது என்பது.

இப்படிச் சட்டங்களைப் போடலாம். அவை கடைசிக் கிராமம்வரை போய்ச் சேர்வது எப்படி? போதகர் இருந்தார். மன்னரின் ஆணைகளை ஞாயிறன்று பிரசங்கபீடத்திலிருந்து அவர் படித்தார். ஷெலண்டில் 1645 முதலும் நாடு முழுக்க 1646 முதலும், தம் பங்கில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைக்கப் போதகர்களுக்கு உத்தரவு. அந்த ஏடுகளில்தான் டேனிய அரசுக்குத் தன் குடிமக்கள் பேர் பேராகத் தெரிய ஆரம்பித்தார்கள். 1736-ல் திடப்படுத்தல் கட்டாயமாயிற்று. ஞானோபதேசம் படித்து, போதகர் முன் ஒப்பித்து, அவர் போதும் என்று சொன்னால்தான் திடப்படுத்தல்; அது இல்லாதவருக்குத் திருமணம் செய்துகொள்ள உரிமை இல்லை. மூன்று ஆண்டுகளில் கிராமப் பள்ளிகளுக்கும் சட்டம் வந்தது, ஞானோபதேசத்தைப் படிக்க எழுத்து தெரிந்திருக்க வேண்டுமே! 1769-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கிராமங்களில் தலை எண்ணியவர்கள் போதகர்கள். டென்மார்க்கில் சுமார் 8 லட்சம் பேர் என்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி அம்மைப்பால் பற்றியது. 1810-ல் அரசு ஒரு விதி செய்தது: அம்மை வந்து போயிருக்க வேண்டும், அல்லது தடுப்பு குத்திக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திடப்படுத்தலும் கிடையாது, திருமணமும் கிடையாது. ஆகவே திருச்சபைப் பதிவேட்டில் பையனின் ஞானஸ்நானத் தேதிக்குப் பக்கத்தில் தடுப்பூசித் தேதியும் ஏறிற்று. இறைநம்பிக்கைக்காகத் தொடங்கிய ஏடு பொதுச் சுகாதாரத்தின் ஏடாகி எத்தனையோ உயிர்களைக் காத்தது. 1814 முதல் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று போதகரிடம், மற்றொன்று பங்கு எழுத்தரிடம். இரண்டும் ஓர் இரவுகூட ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது. தீப்பிடித்தால் ஒன்றாவது மிஞ்ச வேண்டும். எளிய விதிதான், ஆனால் ஓர் அரசு தன் மக்களின் பெயர்களை இவ்வளவு கவனமாகப் பாதுகாத்ததற்கு அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இணை குறைவு.

இந்த அரசுத் திருச்சபையின் ஒரு கை நம் கடற்கரைக்கும் நீண்டது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று 1620-ல் டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். எண்பத்தைந்து ஆண்டுகள் அங்கே வியாபாரம்தான். மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்தான் தம் அரண்மனைப் போதகர் லுட்கன்ஸ் மூலம் ஆள் தேடி, ஜெர்மானியர்களான சீகன்பால்குவையும் புளுட்சோவையும் அனுப்பினார். 1706 ஜூலை 9 அன்று இருவரும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மன்னரின் ஆள் என்றால் மன்னரின் கோட்டையில் வரவேற்பு இருக்க வேண்டும் அல்லவா? கோட்டைத் தளபதி ஹஸ்ஸியுஸ் அவர்களைச் சந்தேகத்தோடு நடத்தினார். 1708-ல் சீகன்பால்குவைச் சிறையிலேயே போட்டார், நான்கு மாதம் வைத்திருந்தார். வணிகக் கம்பெனியின் கணக்கும் மன்னரின் பக்தியும் ஒன்றாக இல்லை. தமிழில் புதிய ஏற்பாடு 1715-க்குள் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி முடிந்ததும், 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் மன்னரின் முத்திரை பொறித்ததும் அந்த இழுபறிக்கு நடுவில்தான். டேனியர் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1849 ஜூன் 5 அன்று, டென்மார்க்கே மாறியது. மன்னரின் முழு அதிகாரம் முடிந்து அரசியல் சட்டம் வந்தது. மத சுதந்திரம் வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் நடந்தவை இன்று படித்தாலும் நெஞ்சை வருத்தும். பெரியவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று நம்பிய பாப்டிஸ்டுகளின் குழந்தைகளை, பெற்றோர் மறுத்தும், அதிகாரிகள் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார்கள். அதைச் செய்ய மறுத்த போதகர்களில் ஒருவர் பீட்டர் கிறிஸ்டியன் கீர்க்ககார். தத்துவவாதி ஸோரன் கீர்க்ககாரின் அண்ணன். தம்பியோ 1854, 55-ல் அரசுத் திருச்சபைமீதே போர் தொடுத்தார். அரசு சம்பளம் வாங்கும் போதகர்கள் ஆயிரம் பேர் இருப்பதால் கிறிஸ்தவமே இல்லாமல் போய்விட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அந்தச் சண்டையின் நடுவிலேயே 1855 நவம்பரில் இறந்தார்.

புதிய அரசியல் சட்டம் லுத்தரன் திருச்சபைக்கு 'மக்கள் திருச்சபை' என்று பெயரிட்டது. அரசு அதை ஆதரிக்கும் என்றது. அதன் ஆட்சியமைப்பு ஒரு சட்டத்தால் வகுக்கப்படும் என்றும் சொன்னது. முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவது இன்றுவரை நிறைவேறவில்லை.

இன்று டென்மார்க்கில் மக்கள் திருச்சபைக்குப் பேராயர் இல்லை, திருச்சபை முழுமைக்கும் பேசும் பேரவை இல்லை. பங்குக்கு ஒரு சபைக் குழு உண்டு. பிஷப்புகள் பத்துப் பேர், ஆளுக்கொரு மறைமாவட்டம். மேலே திருச்சபை விவகார அமைச்சர், அதற்கும் மேலே நாடாளுமன்றம். பெண்கள் போதகராகலாம் என்று 1947-ல் முடிவு செய்தது நாடாளுமன்றம். அடுத்த ஆண்டு ஓடென்சவில் மூன்று பெண்கள் பட்டம் பெற்றார்கள். ஒரே பாலினத்தவர் கோயிலில் திருமணம் செய்துகொள்ளலாம் என்று 2012 ஜூனில் முடிவு செய்ததும் நாடாளுமன்றமே; விருப்பமில்லாத போதகர் விலகிக்கொள்ள வழி விட்டது. இரண்டு முடிவுகளும் நல்லவை என்பதே என் எண்ணம். ஆயினும் இவற்றை முடிவு செய்யும் நாடாளுமன்றத்தில் திருச்சபையைச் சேராதவர்களும் உண்டு. ஒரு சமயத்தின் திருமண விதியை அதில் சேராதவரும் சேர்ந்து எழுதும் ஏற்பாட்டுக்கு 1536-ஐத் தவிர வேறு விளக்கம் இல்லை.

உறுப்பினர் எண்ணிக்கை 1990-ல் மக்களில் 89 சதவீதம். இப்போது சுமார் 70 சதவீதம். அவர்களில் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. இருந்தும் பெரும்பாலோர் வருமானத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான திருச்சபை வரியைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்; அதை வருமான வரியோடு சேர்த்து அரசே பிடித்துக்கொள்கிறது. உறுப்பினர் அல்லாதவரும் தப்ப முடியாது, ஏனெனில் பிஷப்புகளின் சம்பளம் முழுவதும், போதகர் சம்பளத்தில் 40 சதவீதமும் பொதுக் கருவூலத்திலிருந்து போகின்றன. திடப்படுத்தல் கட்டாயமாக இல்லாத இக்காலத்திலும் வசந்தம் வந்தால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு வருகிறார்கள். பின்னாலேயே விருந்தும் பரிசும். முன்னோரைத் திருமணத்துக்குத் தகுதியாக்கிய சடங்கு குடும்ப விழாவாகிவிட்டது. எனக்கு அதில் குறை காணத் தோன்றவில்லை.

அந்நியருக்கான சோதனையும் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. 2017 முதல் நாட்டுக்குள் வரத் தடை செய்யப்பட்ட அந்நிய மதபோதகர்களின் பட்டியல் ஒன்றை அரசு வெளியிடுகிறது. 1569-ன் 25 கூறுகளையும் இதையும் ஒன்றென்று சொன்னால் அது நியாயமாகாது. இப்போது கேட்கப்படுவது விசுவாசம் அன்று, பொது ஒழுங்கு. ஆனால் எது ஆபத்தான பிரசங்கம் என்று தீர்மானிப்பது அன்றுபோல் இன்றும் கோபன்ஹேகனின் அரசு அலுவலகம்.

பதிவேடும் நிற்கவில்லை. 1968-ல் ஒவ்வொருவருக்கும் அடையாள எண் வந்தது. ஏடு கணினிக்குள் போயிற்று. எழுதுகிறவர் மாறவில்லை. தென் ஜட்லாந்து தவிர, டென்மார்க்கில் பிறக்கும் குழந்தை எந்த மதத்தைச் சேர்ந்ததாயினும், பிறப்பும் பெயரும் மக்கள் திருச்சபையின் பங்கு அலுவலகத்தில்தான் பதிவாகின்றன. 1980-களில் ஈழத்திலிருந்து அகதிகளாய் வந்து ஜட்லாந்தின் ஹெர்னிங், பிராண்ட போன்ற ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தங்கள் கோயில்களைக் கட்டியிருக்கின்றன. பிள்ளைக்கு முருகன் பெயரோ அம்மன் பெயரோ வைத்தாலும், அதை நாட்டின் பதிவேட்டில் ஏற்றுவது லுத்தரன் பங்கு எழுத்தர். பெரும்பாலோருக்கு இதில் தொந்தரவு ஏதும் இல்லை. இணையத்தில் படிவம் நிரப்பினால் போதும். ஆனாலும் பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை என்பதற்கான முதல் முத்திரையை வேறொரு சமயத்தின் அலுவலகம் இடுவதை ஒரு தகப்பன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அரசியல் சட்டத்தின் இன்னொரு விதி மன்னரைக் கட்டுகிறது. மன்னர் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும். 2024 ஜனவரி 14 அன்று பத்தாம் ஃபிரெடெரிக் அரியணை ஏறினார். முடிசூட்ட பூகன்ஹாகனைப் போல் யாரும் வரவில்லை. பிரதமர் மாடத்தில் நின்று மும்முறை அறிவித்தார், அவ்வளவே. மக்கள் எல்லாரும் மதம் மாறலாம், மதமே வேண்டாம் என்றும் சொல்லலாம். மன்னரால் மட்டும் முடியாது.

திருச்சபையின் ஆட்சியமைப்பைச் சட்டத்தால் வகுப்பதாக 1849-ல் தந்து, நிறைவேறாத அந்த வாக்குறுதியை நிறைவேற்ற முயற்சிகள் நடக்காமல் இல்லை. கடைசியாக ஓர் ஆணையம் திருச்சபைக்குப் பொதுப் பேரவை ஒன்றைப் பரிந்துரைக்க, நாடாளுமன்றக் கட்சிகள் ஒத்துவராததால் 2014-ல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு, அது 19-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் குருண்ட்விக்கின் வழிவந்தது. பேரவை வந்தால் பெரும்பான்மைக் குழு சிறுபான்மைக் குழுவின் வாயை அடைக்கும். சமய நுணுக்கங்களில் அக்கறையில்லாத நாடாளுமன்றமே போதகரின் சுதந்திரத்துக்கு நல்ல காவல் என்கிறார்கள். பாப்டிஸ்ட் குழந்தைகளை நினைக்கும்போது அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தரங்கம்பாடிச் சபையின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-லேயே தன் ஆட்சியைத் தானே ஏற்றுக்கொண்டது. டேனிய மன்னர் அனுப்பிய ஆட்களின் சபைக்கு நூற்றாண்டுக்கு முன் கிடைத்தது, டேனியரின் சபைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஸ்வீடன் 1991-ல் மக்கள் பதிவேட்டைத் திருச்சபையிடமிருந்து எடுத்து வரித்துறையிடம் கொடுத்தது. 2000-ல் திருச்சபையையும் அரசிலிருந்து பிரித்தது. நார்வே 2012-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2017-ல் பிரிவினையைச் செயலாக்கியது. இரண்டிலும் கோயில்கள் இடிந்துவிடவில்லை. டென்மார்க் ஒரே நாளில் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆளில்லாக் கிராமத்திலும் கோயிலும் கல்லறைத் தோட்டமும் பராமரிக்கப்படுவது இந்த ஏற்பாட்டால்தான். பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். பிறப்பையும் பெயரையும் எழுதும் வேலை நகராட்சிக்குப் போகட்டும். அதற்கு வெளிநாட்டு முன்மாதிரி தேடவும் வேண்டாம்: ஒருகாலத்தில் பிரஷ்யாவின் கீழிருந்து 1920-ல் திரும்பிய தென் ஜட்லாந்தில், பிரஷ்யர்கள் 1874-ல் கொண்டுவந்த குடிமைப் பதிவு இன்றும் தொடர்கிறது. அங்கே பிறப்புகள் கோயில் ஏட்டில் ஏறாமல் நகராட்சியில் பதிவாகின்றன, டேனியர் யாரும் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.